அவிழ்த்தவர்தான் கட்ட வேண்டும்

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எதற்காக வீட்டையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டை விட்டு நாலு நாள் தள்ளியிருக்கத்தானே கிளம்புகிறோம்? அடுப்பு, கட்டில், கழிவறை, பாத்திரம் கழுவத் தொட்டி என்று அத்தனையையும் ஒரு வேனுக்குள் திணித்து, அந்த இடுக்கில் ஐந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து "ஆகா" என்பதற்கு, வீட்டில் உட்கார்ந்து காலண்டரில் இருக்கும் மலையைப் பார்க்கலாம். காலையாவது நீட்டிக்கொள்ள இடம் இருக்கும்.

உங்கள் நேரத்தை வீணடிக்க நான் வரவில்லை, இன்ஸ்பெக்டர். என் மாமனார் இறந்தது விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஃப்ரிட்ஜிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

வேன் என் சகலையுடையது. என் மனைவியின் தங்கை கணவர், பல் டாக்டர். மனிதனுக்கு ஆயிரம் உறுப்பு இருக்க, ஆயுள் முழுவதும் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவரை எங்கள் வீட்டில் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதை வேன் என்று சொல்ல மாட்டார். 'கேரவன்' என்பார். வேன் என்று நான் சொன்னால் முகம் சுருங்கும். அதனாலேயே நான் வேன் என்று சொல்வேன்.

அந்த வேனில் வைப்பதற்காக அவர் வாங்கியதுதான் அந்த ஃப்ரிட்ஜ். வீட்டில் நிற்கிற மாதிரி அலமாரி இல்லை. ஒரு பெரிய டிரங்குப் பெட்டி மாதிரி படுத்திருக்கும், மேலே மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. உள்ளே இரண்டு அறை. ஒன்றில் ஐஸ்கிரீம் உறையும், மற்றதில் பால் குளிரும். வண்டி பேட்டரியில் ஓடும். எத்தனை டிகிரி என்று மூடியில் எண் மினுக்கும், அதையே செல்போனிலும் பார்க்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். டாக்டர் சாப்பிடும்போதும் பார்ப்பார், குளித்துவிட்டு வந்ததும் பார்ப்பார். "மைனஸ் பதினாறு" என்று அறிவிப்பார். மாமனார் உடனே "பார்றா" என்பார். ஒரு பெட்டி குளிர்வதில் இவர்கள் இரண்டு பேருக்கும் என்ன பெருமை என்று நான் யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை.

அந்த யந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல யந்திரம். சும்மா விட்டால் ஒழுங்காகக் குளிர்விக்கும். ஆனால் எதையும் சும்மா விடத் தெரியாதவர்கள் கையில் அது சிக்கியது. வெயிலில் கிடந்த பாட்டில்களை அப்படியே உள்ளே அடுக்குவார்கள். காற்று போகிற ஓட்டையின் மேல் ஈரத் துண்டைக் காயப் போடுவார்கள். ஒரு திராட்சைப் பழத்துக்காக மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் கதை பேசுவார்கள். பேட்டரியைப் பாதுகாக்க அதில் ஒரு அமைப்பு உண்டு, பேட்டரி இறங்கினால் ஃப்ரிட்ஜ் தானே நின்றுகொள்ளும். ஐஸ்கிரீம் இளகிவிடுமாம், அதனால் டாக்டர் அந்த அமைப்பை நிறுத்தி வைத்தார். விளைவு, முதல் நாள் முகாமிலிருந்து காலையில் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நாங்கள் நாலு பேர் இறங்கித் தள்ளினோம். ஐஸ்கிரீம் மட்டும் கல்லு மாதிரி இருந்தது.

இதெல்லாம் முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு நான் யாரையும் தண்டிக்க மாட்டேன். அப்படித் தண்டிப்பதானால் அந்தக் குடும்பத்தில் யார் மிஞ்சுவார்கள்?

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வாசலைத் தாண்டாது. பாரம் எப்படி ஏற்றியிருக்கிறது, எங்கே கட்டியிருக்கிறது, எந்தப் பட்டை, எத்தனை இறுக்கம் என்று பார்ப்பது என் வேலை. ஊரில் இருப்பவர்கள் லாரி ஓட்டுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். ஓட்டுவதற்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். கட்டுவதற்குப் புத்தி வேண்டும். வண்டி நிற்கும், ஆனால் உள்ளே இருக்கும் பொருள் நிற்காது, அது போய்க்கொண்டேதான் இருக்கும் என்பதை மண்டையில் ஏற்றிக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை. எங்கள் கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. அவிழ்த்தவர்தான் கட்ட வேண்டும். பாதி வழியில் ஒரு பெட்டி எடுக்க ஒருவன் பட்டையை அவிழ்த்தான் என்றால் அவனே திரும்பக் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும், அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று போகக்கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்து அனுப்பிய கட்டு ஒன்றுகூட வழியில் அவிழ்ந்ததில்லை. வேண்டுமானால் கம்பெனியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேனில் நான் முதன்முதலாக ஏறியபோது அந்த ஃப்ரிட்ஜ் பின்பக்கம், கட்டிலுக்கு முன்னால், நடைபாதையின் கோடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. கட்டும் இல்லை, தடுப்பும் இல்லை. அதற்கு நேர் எதிரே டிரைவர் சீட் வரைக்கும் தடையில்லாத நடைபாதை. "இதைக் கட்டலையா?" என்று கேட்டேன். "அது எங்க போகப் போகுது சகலை, அம்மி மாதிரி கனக்குது" என்றார் டாக்டர். கனமான பொருளைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வளைவிலும் மேட்டிலும் அது நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அசைகிற அன்று மொத்தமாக அசையும். என் பையில் எப்போதும் இரண்டு பட்டை இருக்கும், பல்சக்கரப் பூட்டு வைத்தது, லாரிக்குப் போடுவது. தரையில் இருந்த இரும்பு வளையங்களில் மாட்டி, மூடிக்கு மேலாகக் குறுக்கே போட்டு இறுக்கினேன். அதற்கப்புறம் அந்த ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் பட்டையை அவிழ்க்க வேண்டும்.

அவிழ்த்தார்கள். யாரும் கட்டவில்லை. சட்டத்தைச் சொன்னேன். கரடியாகக் கத்தினேன் என்றே சொல்லலாம். கொழுந்தியாள் "சரி அத்தான், சரி அத்தான்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். பட்டை பாம்பு மாதிரி தரையில் கிடக்கும். ஓடுகிற வண்டியில் நான் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், குனிந்து, மாட்டி, இறுக்கிவிட்டு வருவேன். வந்து உட்கார்ந்ததும் என் மனைவி "என்னங்க, எழுந்ததே எழுந்தீங்க, எனக்கொரு தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல" என்பாள். திரும்பப் போவேன்.

இனி மாமனார். இறந்தவரைப் பற்றிக் குறைவாகப் பேசக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நான் பேசியதெல்லாம் குறைவுதான், அதனால் இப்போது கொஞ்சம் பேசலாம்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் நடக்கும் விபத்துகளைப் பார்த்தால் அது தெரியும். நான் கல்யாணமான புதிதில் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனேன். எனக்கு வரவில்லை. கிளட்ச், பிரேக், கண்ணாடி என்று ஒரே நேரத்தில் அத்தனையையும் செய்யும் அவசரம் எனக்கு ஒத்துவரவில்லை. அவரே கூட வந்து உட்கார்ந்த தேர்வில் ஒரு மரக்கன்றின் மேல் ஏற்றிவிட்டேன். சின்னக் கன்று. அதை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் சொல்லுவார்: "எங்க பெரிய மாப்ள லாரி கம்பெனில பெரிய ஆபீசர். வீட்டுக்கு சைக்கிள்ல வருவாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார், நானும் சிரிக்க வேண்டும். நானும் சிரிப்பேன். இருபது வருஷமாக ஒரே நகைச்சுவைக்குச் சிரிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார். கயிறு மாப்பிள்ளை.

வண்டியில் அவர் உட்காரவே மாட்டார். முன்பக்கம் இரண்டு சீட்டுக்கும் நடுவில், நடைபாதை முடிகிற இடத்தில், ஒரு கை டிரைவர் சீட்டின் முதுகில், ஒரு கை பக்கத்துச் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டு நின்றபடியே வருவார். "லெப்ட்ல ஒதுங்கு. ஹாரன் அடி. இவன் யாரு இப்படி வர்றான்" என்று டாக்டருக்குப் பாடம் நடக்கும். நாற்பது வருஷம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவனை மிரட்டிய பழக்கம். அவருக்கென்று ஒரு சீட்டும் அதற்கு பெல்ட்டும் இருந்தன. "மாமா, உட்காருங்க. பிரேக் போட்டா தூக்கி அடிச்சிடும்" என்று நான் தினமும் சொன்னேன். அது எல்லோருக்கும் தெரியும், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். "நான் பிரேக் போடறதைப் பத்தி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் மாப்ள" என்பார். டாக்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். பல்லெல்லாம் தெரியும்படி சிரிப்பார், தொழில் அப்படி.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார வேண்டும் என்பதுதான் என் எண்ணம், ஆரம்பத்திலிருந்து அதுதான்.

கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்கரை முகாமில் நிறுத்தியிருந்தோம். பக்கத்து வண்டிக்காரர்கள், கணவன் மனைவி, அந்த ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தார்கள். டாக்டர் மூடியைத் திறந்து காட்டி, ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்து, செல்போனில் எண்ணையும் காட்டினார். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். பெரிய மகள், சின்ன மகள், டாக்டர். நான் அப்போது பின்பக்கம் குனிந்து பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடக்கூடாதே என்று அப்போதே கட்டி வைத்தேன். "அவரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அவரா? அவரு நாங்க அவுத்துப் போடறதைக் கட்டி வைக்கிற ஆளு" என்றார் மாமனார். "சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான்."

சிரித்தார்கள். டாக்டர் சிரித்தார், அந்தப் பக்கத்து வண்டிக்காரர் சிரித்தார், ஐஸ்கிரீம் கையில் வழிய வழிய அந்த அம்மாள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அவளுக்கு என் மேல் பாசம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கடைசிவரை மாமனார் என்னை அந்த அம்மாளுக்கு மாப்பிள்ளை என்று சொல்லவே இல்லை. அவள் போகும்போது காலி ஐஸ்கிரீம் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு தகுதி வேண்டும், எதிரில் இருப்பவருக்கு. நான் கோப்பையைக் கழுவி வைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இவர்கள் அவிழ்க்கிறார்கள், நான் கட்டுகிறேன். நான் கட்டுவதால்தான் இவர்களுக்குக் கட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரே ஒரு தரம் கட்டாமல் விட்டால் தெரிந்துகொள்வார்கள். பாடம் என்பது அதுதான், பட்டால்தானே உறைக்கும்.

மறுநாள் காலையில் நானே முன்வந்து ஃப்ரிட்ஜை நிரப்பினேன். எல்லோருக்கும் ஆச்சரியம். "அதிசயமா இருக்கே, சகலைக்கும் ஃப்ரிட்ஜ் பிடிச்சுப்போச்சு" என்றார் டாக்டர். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களையும், பாலையும், ஒரு பெரிய தர்பூசணியையும், இடுக்கு விடாமல் ஐஸ் கட்டிகளையும் அடுக்கினேன். கனமானது கீழே போக வேண்டும், அதுதான் முறை. நிரம்பியதும் இரண்டு பேர் தூக்கினாலும் மூச்சு வாங்கும். நடைபாதையில் ஒரு ரப்பர் விரிப்பு கிடந்தது, சுருட்டி எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். யாராவது தடுக்கி விழுந்துவிடக்கூடாது. வழவழப்பான தரை, ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தும் விட்டேன். என் மனைவி வழக்கமாக நடைபாதை ஓரத்துச் சீட்டில் உட்காருவாள். "வெயில் படுது, இந்தப் பக்கம் வா" என்று ஜன்னலோரம் உட்கார வைத்து பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். "என்னங்க, இன்னிக்கு ரொம்பக் கவனிப்பா இருக்கே" என்றாள். கொழுந்தியாளின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இவர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். விழவும் இல்லை.

பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது, கிளம்பும்போது. நான் கட்டியது.

மலையிலிருந்து இறங்கி முடிந்து, நேராக ஓடும் பெரிய சாலைக்கு வந்தோம். சரிவு, நல்ல சாலை. டாக்டருக்கு நேர்ச் சாலையைக் கண்டால் கால் தாங்காது, வேகம் எடுத்தார். நான் கொழுந்தியாளிடம் தண்ணீர் கேட்டேன். ஜில்லென்று இருக்கட்டும் என்றேன். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள், பட்டைகளை அவிழ்த்தாள், மூடியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், மூடினாள், வந்து கொடுத்தாள். உட்கார்ந்தாள். அவள் திரும்ப பெல்ட் போட்டுக்கொள்ளும் வரைக்கும் நான் காத்திருந்தேன். போடவில்லை. நினைவுபடுத்தினேன். "ஐயோ அத்தான், உங்க கூட" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

வழக்கமாக நான் எழுந்து போகிற நேரம் அது. நான் எழவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். சட்டப்படி பார்த்தால் அந்தக் கட்டு அவளுடைய பொறுப்பு, ஏனென்றால் அவிழ்த்தது அவள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அவளைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அவளுக்கு ஒரு பட்டையை அவிழ்த்த ஞாபகம்கூட இருக்காது, அவ்வளவுதான் அவள்.

மாமனார் நின்றுகொண்டிருந்தார். "மாமா, உட்காருங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு முன்னால் கையைக் காட்டி "நாய், நாய்" என்று கத்தினேன்.

டாக்டர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் வண்டியில் பார்த்திருக்கிறீர்கள். அதிகம் சத்தம் இல்லை. தரையில் ஏதோ உருளுவது மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரே ஒரு இடி. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தர்பூசணி உடைந்து தரையெல்லாம் ஓடியது. கொழுந்தியாள் அதைப் பார்த்து முதலில் அலறினாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் மறுநாள் மத்தியானம் வரைக்கும் இருந்தார். பேச்சில்லை. நாங்கள் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள், நான் இங்கே வந்ததற்குக் காரணம் இதுதான்.

டாக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். எத்தனையோ பேர் வாய்க்குள் போன கை. "விடுங்க சகலை" என்றார். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? கட்டு அவுந்துபோச்சு. யாருக்கும் ஒரு தரம் கை தவறத்தான் செய்யும். நாங்க யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர்கள் எல்லோரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். நான்தான் எப்போதும் கட்டுகிறவன், அன்றைக்கும் நான் கட்டியிருப்பேன், என் கட்டு அவிழ்ந்துவிட்டது. அவ்வளவுதான். கொழுந்தியாள் அழுதுகொண்டே "அத்தான் எப்பவும் கட்டிடுவாரே, இன்னிக்குன்னு பார்த்து இப்படி ஆயிடுச்சே" என்றாள். என் மனைவி என் முதுகைத் தடவிக்கொடுத்து "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க, நீங்க உங்களால முடிஞ்ச மாதிரி கட்டினீங்க" என்றாள்.

என்னால் முடிந்த மாதிரி.

இத்தனை நாள் நான் கட்டியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குடும்பம் என் கட்டைப் பற்றிப் பேசியது, அது அவிழ்ந்துவிட்டது என்று. அதோடு நிற்கவில்லை, மன்னிக்கவும் செய்தார்கள். பெரிய மனது பண்ணி. ஒரு மரக்கன்றை மன்னிக்காத குடும்பம், ஒரு தப்பான கட்டை மன்னித்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் டாக்டர் தணிந்த குரலில் சொன்னார், பாவம், கட்டு அவிழ்ந்துபோச்சு, அவரை யாரும் எதுவும் கேட்காதீங்க என்று. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். என்னிடம் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் என் தோளைத் தொட்டு "யாரு ஆயிரம் சொல்லட்டும் சார், பழைய பட்டையா இருந்திருக்கும்" என்றான். என் பட்டை பழையது இல்லை. நான் பழைய பட்டை வைத்திருப்பேனா?

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாருக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் வாக்குமூலத்துக்கு வருவோம். 'பட்டையின் கட்டு சரியாக இறுக்கப்படாததால் தானாக அவிழ்ந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடியுங்கள். கட்டு அவிழவில்லை. அங்கே கட்டே இல்லை. இருந்திருந்தால் அந்த வண்டி தலைகீழாகக் கவிழ்ந்திருந்தாலும் அந்தப் பெட்டி வளையத்தை விட்டு ஒரு விரல்கூட நகர்ந்திருக்காது. கட்டாமல் விட்டது நான். தெரிந்தேதான் விட்டேன். எந்த வேகத்தில், எத்தனை கனம், எவ்வளவு தூரத்தில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும், இது என் தொழில். இப்படி எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

நாய் விஷயத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். நாய் எதுவும் வரவில்லை. டாக்டர் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய் ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார், அதற்கு வால் பாதிதான் இருந்ததாம். படித்தேன். இவரை நம்பி ஊரே வாயைத் திறக்கிறது.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது தெரிகிறது. நான் பைத்தியம் இல்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். டாக்டர் உங்களுக்கு ஏற்கெனவே போன் செய்து, சகலை குற்ற உணர்ச்சியில் ஏதாவது சொல்லுவார், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சொன்னார், இல்லையா? அவருடைய அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தூக்கில் போட்டாலும் சரி, ஜெயிலில் போட்டாலும் சரி, கட்டத் தெரியாதவன் என்ற பெயரோடு நான் வெளியே நடமாட மாட்டேன்.

அந்த மனிதரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்கிறேன். அவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தினமும் சொன்னேன். ஒருவர் தினமும் சொன்னால் ஒரு நாளாவது கேட்க வேண்டும். கேட்காதவருக்குப் பாடம் வேறு வழியில்தான் வரும். இது என் சொந்தக் கருத்து.

கடைசி வரியா? படியுங்கள். 'மூத்த மருமகன் எச்சரித்தும் இறந்தவர் தன் இருக்கையில் உட்கார மறுத்து, முன்பக்கம் நின்றுகொண்டிருந்த நிலையில்.'

அது உங்களுக்கு யார் சொன்னது? டாக்டரா? அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இல்லாத நாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? பெண்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். பார்த்தது நான் ஒருவன்தான். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் ஒரு வரியைத் திருத்தச் சொல்லிவிட்டு இன்னொரு தப்பை விட்டுவிட்டுப் போவது முறையில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

"மாமா, உட்காருங்க" என்று நான் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார். வயதாகிவிட்டது, நின்று நின்று கால் வலித்திருக்கும். சிரித்தார், கிண்டலாக இல்லாமல். "சரி மாப்ள, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், மெதுவாக. நான் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. சீட்டின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்து நடைபாதையில் இரண்டு அடி எடுத்து வைத்தார்.

நான் கத்தியது அதற்குப் பிறகு.